எதிர் நடைபாதையில் ஒரு கறுப்புக் கண்ணாடி

கண் தெரியாதவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மேல்மாடி ஜன்னலில் நின்றிருந்த செக்கர், ஆறிப்போன தேநீரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். எதிர் நடைபாதையில், மருந்துக்கடைச் சுவரோரம் அந்த ஆள் உட்கார ஆரம்பித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, தகரக் குவளை, மடியில் ‘கண் தெரியாது, உதவுங்கள்’ என்று எழுதிய அட்டை. இப்போது மணிக்கட்டைத் திருப்பி நிதானமாக மணி பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டான்.

செக்கர் உடனே மகளுக்கு ஃபோன் செய்தார்.

"மணி பாத்தான்மா. என் கண்ணால பாத்தேன்."

"யாருப்பா?"

"எதிர்ல பிச்சை எடுக்கறவன். கண்ணு தெரியாதுன்னு அட்டை வெச்சிருக்கான்."

"காலைல சாப்பிட்டீங்களா?"

"அவன் மணி பாத்தாங்கறேன், நீ சாப்பாட்டைப் பத்திப் பேசற."

"சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"அது இருக்கட்டும்."

"அப்பா, அம்மா போனதுலேருந்து நீங்க படியிறங்கவே இல்ல. குளிக்கிறீங்களான்னுகூடத் தெரியல. இப்ப ஜன்னல்ல நின்னு பிச்சைக்காரனை வேவு பாக்கறீங்க. மாசக் கடைசில வண்டியோட வர்றேன். வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடுங்க. இனிமே உங்களைத் தனியா விட முடியாது."

"எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு."

"அப்படின்னா சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

செக்கருக்குப் போக இஷ்டமில்லை. மகள் வீட்டில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் துணி இஸ்திரி போடும் மேசையும், எவ்வளவு மிதித்தாலும் எங்கேயும் போகாத ஒரு சைக்கிளும் இருந்தன. இங்கே சமையலறை டப்பாக்கள் மனைவி வைத்துவிட்டுப் போன வரிசையிலேயே நின்றன. உப்பு டப்பாவுக்கு மூடி சரியாகப் பொருந்தாது. அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தக் கிண்ணத்தை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் சாப்பிட்ட நாட்களில் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் செக்கர்தான். கோபம் வந்தால் மனைவியும் "சரிங்க செக்கர் சார்" என்பாள். அவருடைய தொழில் ரகசியம், பயணிகளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பது. முகம் எந்த வேஷமும் போடும். தூங்கும், அழும், ஜன்னலுக்கு வெளியே மலையை ரசிக்கும். கால் அப்படியில்லை. டிக்கெட் இல்லாதவனின் பெருவிரல், செருப்புக்குள் கதவுப் பக்கமாகத் திரும்பியிருக்கும். வேலை பார்த்த காலமெல்லாம் குனிந்தே நடந்து குனிந்தே ஆளைப் பிடித்தார்.

மனைவி நேர் எதிர். கை நீட்டியவர்களுக்கெல்லாம் போடுவாள்.

"ஏமாத்தறான்டி" என்று இவர் அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பார்.

"ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போகட்டும், சில்லறைதானே? அவன் நெஜமாவே பட்டினியா இருந்து நான் போடாம வந்துட்டேன்னு வைங்க, அப்புறம் எனக்குல்ல தூக்கம் வராது. உங்களுக்கென்ன, நல்லாத் தூங்குவீங்க."

போன வருஷம் அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆனபோது ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அதன்மேல் உட்கார்ந்து காம்பை உடைத்தாள். செக்கர்தான் கையில் கிடைத்த பச்சை ஒயர் டேப்பைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் கையில் யாரோ ஒரு காசை வைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். செக்கருக்கு மானம் போயிற்று. அவளோ சிரித்துச் சிரித்து, அந்தக் காசை அடுத்த திருப்பத்தில் கை நீட்டிய ஒரு கிழவரிடம் போட்டுவிட்டு, "பாத்தீங்களா, எனக்கும் வருமானம் இருக்கு" என்றாள்.

அவள் இப்போது இல்லை. எதிரில் ஒருவன் மணி பார்க்கிறான்.

செக்கருக்கு இன்னொன்றும் உறுத்தியது. இது முட்டுச்சந்து. குடியிருப்பவர்களையும் மருந்து வாங்க வருகிறவர்களையும் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. பிச்சை எடுக்கிறவன் கூட்டத்தை விட்டுவிட்டு இங்கே ஏன் உட்கார வேண்டும்? அவன் முகம் வானத்தைப் பார்த்தது. ஆனால் கால் இரண்டும் செக்கர் வீட்டு மாடிப்படியைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"வீட்டை நோட்டம் விடறான்" என்று செக்கர் வாய்விட்டுச் சொன்னார். அன்றுதான் அந்த வீட்டில் முதல்முறையாக அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டது.

கையும் களவுமாகப் பிடித்து மகளிடம் காட்டினால், மூளை யாருக்குக் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். செக்கர் செருப்பைத் தேடி எடுத்து, பல வாரங்களுக்குப் பிறகு படியிறங்கினார். போகிற போக்கில் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துக்கொண்டார். அதைக் குவளையில் போட்டுவிட்டு, அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா" என்றான் அவன். "உங்க சட்டைப் பொத்தான் விழுந்துடுச்சு."

"பொத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காசு அப்படியா விழும்? சத்தம்தான் சார் எனக்குக் கண்ணு."

அது சரியான பதில்தான் என்பதால் செக்கருக்கு எரிச்சல் அதிகமாயிற்று. சட்டைக்குப் பொத்தான் வேண்டுமே என்று குனிந்து குவளைக்குள் கையை விட்டார்.

"சார்!"

மருந்துக்கடைக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருமல் மருந்து வாங்க வந்த இரண்டு பேர். "கண்ணு தெரியாதவரோட குவளையில கையை விட்டு என்ன எடுக்கறீங்க?"

"பொத்தான்."

"என்னது?"

"என் பொத்தான்மா. நான்தான் போட்டேன்."

இருமல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் செக்கர் பையில் கையை விட்டார். சில்லறை இல்லை, ஒரு நோட்டுதான் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிச்சைக்காரனுக்குப் போட்டார். அதுவும் மோசடிக்காரன் என்று தெரிந்தே.

"மகராசனா இருங்க" என்றான் அவன். செக்கருக்கு அது கேலியாகப் பட்டது.

மருந்துக்கடைக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தாடியும் அழுக்குச் சட்டையுமா நிக்கறீங்க. யாரு போடறாங்க, யாரு வாங்கறாங்கன்னே தெரியல சார்."

இவள்மேலும் செக்கருக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில், மாத்திரை கொண்டுவருகிற சாக்கில் அடிக்கடி வருவாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். என்ன பேசினார்கள் என்று மனைவியிடம் கேட்டபோது, "பொம்பளைங்க சமாச்சாரம், செக்கருக்கெதுக்கு?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் செக்கர் தாடியை வழித்தார். தெரு முழுக்கத் திருடன் என்று நினைத்துவிட்டால் அப்புறம் வேவு பார்க்க முடியாது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, முனையிலிருந்த தேநீர்க்கடையில் நடைபாதை தெரிகிற மேசையைப் பிடித்தார்.

"சும்மா உக்காரக் கூடாது சார். ஏதாவது சாப்பிடணும்" என்றார் கடைக்காரர்.

ரொட்டியும் முட்டையும் சொன்னார். சாப்பிட்டு முடித்தபோது இன்னொரு முட்டை சொல்லலாம்போல இருந்தது. அதற்குள் நடைபாதை காலி. அவன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

"காலங்காத்தால வந்துட்டு வெயில் ஏறினதும் போயிடுவாரு" என்றார் கடைக்காரர்.

ஆகவே செக்கர் விடியும்போதே எழ வேண்டியதாயிற்று. விடியும்போது எழ வேண்டுமென்றால் இரவில் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க முடியாது.

மறுநாள் வெயில் ஏறியதும் அவன் அட்டையை மடித்துக்கொண்டு எழுந்தான். தடியைத் தட்டிக்கொண்டு நடந்தான். செக்கர் இருபதடி தள்ளிப் பின்தொடர்ந்தார். அவன் பூங்காவுக்குள் நுழைந்து சுற்ற ஆரம்பித்தான். என்ன வேகம்! ஒரு சுற்று முடியும், உட்காருவான் என்று செக்கர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார். அவன் அடுத்த சுற்று போவான். செக்கர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுவார். கண் தெரியாதவன் பூங்காவில் வந்து எதைப் பார்க்கிறான்? நிச்சயம் யாரையோ சந்திக்கத்தான்! ஆனால் யாரும் வரவில்லை.

அடுத்து காய்கறிச் சந்தை. அவன் ஒரு கடை முன்னால் நின்று காற்றை மோந்தான். செக்கர் பீன்ஸ் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார்.

"வாங்கப் போறீங்களா, இல்ல பீன்ஸோட பேசிட்டிருக்கப் போறீங்களா?" என்றாள் கடைக்காரி.

சத்தம் போட்டால் அவன் திரும்பிவிடுவான். செக்கர் அவசரமாகத் தலையாட்டினார். அவள் பீன்ஸ், கேரட், வெங்காயம் என்று பை நிறையப் போட்டுக் கொடுத்தாள். பையைச் சுமந்துகொண்டு பின்தொடர்வது அவர் உத்தியோகத்திலேயே செய்யாத காரியம்.

வாங்கியதை அழுக விடவும் மனம் வரவில்லை. அவள் இருந்தால் விட்டிருக்க மாட்டாள். அன்று மாலை பீன்ஸை நறுக்கி வேக வைத்து, ஒரு வாய் போட்டுப் பார்த்தார். வாயில் வைக்க வழியில்லை. வெகுநேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவித் துடைத்து, டப்பாவிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தைப் பழையபடியே கவிழ்த்து வைத்தார்.

மகள் ஃபோன் செய்தாள். "என்னப்பா பண்றீங்க?"

"அவன் இன்னிக்குப் பூங்காவுக்குப் போனான். அப்புறம் சந்தை. ஏதோ திட்டம் இருக்கு."

"பின்னாலயே போறீங்களா?"

"பின்ன? முன்னால போனா பாத்துடுவானே."

"கண்ணு தெரியாதவரு எப்படிப்பா பாப்பாரு?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

மகள் அன்றிரவே வண்டிக்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்து, காத்திருப்பவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். செக்கர் கடைசிப் பெஞ்சில் நாளிதழைப் பிரித்து முகத்தை மறைத்தார்.

"அடுத்தது நீங்கதான், வாங்க" என்றாள் நர்ஸ்.

"நான் நோயாளி இல்லம்மா."

"இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கையை நீட்டுங்க."

ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அவள் புருவத்தைத் தூக்கினாள். "மாத்திரை போடறதை நிறுத்திட்டீங்களா? எத்தனை நாளா?"

"அவ போனதுலேருந்து" என்றார் செக்கர். காலையும் மாலையும் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தது அவள்தான்.

நர்ஸ் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தாள். அவர் வெளியே வந்தபோது அவனைக் காணோம். மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், மாத்திரை அட்டை ஏற்கெனவே மேசைமேல் இருந்தது.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"மருந்துக்கடைக்கு வராம எங்க சார் போவீங்க?" என்று மருந்துக்கடைக்காரம்மா சில்லறை எண்ணினாள். அவள் கால் மேசைக்குப் பின்னால் இருந்ததால் செக்கரால் அதைச் சோதிக்க முடியவில்லை.

தூரத்திலிருந்து பார்த்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் காலை, மகள் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று செக்கர் ஒரு பழைய நாளிதழை எடுத்துக்கொண்டு போய், நடைபாதையில் அவன் பக்கத்திலேயே விரித்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால் அருகில் வைத்தார்.

"வாங்க சார்" என்றான் அவன். "பொத்தான் தெச்சாச்சா?"

"தெச்சாச்சு. இந்த முட்டுச்சந்துல உனக்கு யாரு போடறாங்க?"

"போடற ஒருத்தர் போட்டாப் போதும் சார்."

"நான் யாருக்கும் போட மாட்டேன். அன்னிக்குப் போட்டது விபத்து. தகுதியில்லாதவனுக்குப் போட்டா அது தர்மம் இல்ல, முட்டாள்தனம்."

"சரிங்க சார்."

"ஒருத்தன் நெஜமாவே இல்லாதவன்னு தெரிஞ்சா போடலாம். எப்படித் தெரியும்? விசாரிக்கணும். விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கு? அதான் போடறதில்ல."

அவன் சிரித்தான். "ஒண்ணு கவனிச்சிருக்கேன் சார். போடறவங்க போட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டே இருப்பாங்க. போடாதவங்கதான் நின்னு காரணம் சொல்வாங்க."

அப்போது, மருந்து வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் இருவரையும் பார்த்து உச்சுக்கொட்டி, அவர் தொப்பிக்குள் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனாள்.

"உங்க பக்கம் விழுந்த மாதிரி இருக்கே சார்" என்றான் அவன். "முதல் நாளே நல்ல வியாபாரம்."

"அப்பா!"

குரல் மேலேயிருந்து வந்தது. மகள் அவருடைய ஜன்னலில் நின்றிருந்தாள். பேச்சு மும்முரத்தில் அவள் வந்து மேலேறியதை அவர் கவனிக்கவில்லை. அடுத்த நிமிஷம் படியிறங்கி, தெருவைக் கடந்து, மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றாள்.

"பிளாட்பாரத்துல உக்காந்துட்டீங்களா? தொப்பியில காசு வேற!"

"இது நான் கேட்டு வாங்கினதில்லம்மா."

"அப்புறம் மேல யாருப்பா வர்றாங்க? உண்மையைச் சொல்லுங்க. அடுப்புல பீன்ஸ் வெந்திருக்கு. பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திருக்கு. உப்பு டப்பாமேல இருந்த கிண்ணம் பளபளன்னு இருக்கு. உங்களுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே. யாரு அந்தப் பொம்பளை?"

சந்தேகம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து.

"நான்தான் சமைச்சேன்."

"பாத்தீங்களா? நெஜமாவே மூளை கலங்கிடுச்சு." அவள் கண் கலங்கியது. "போதும்பா. வண்டி நிக்குது, கிளம்புங்க."

தெருமுனையில் காலி வண்டி ஒன்று பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. செக்கர் அதைப் பார்த்தார். தன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, ஓடுகிற ரயிலில் தூங்குவதுபோல் நடிப்பவர்களிடம் முன்பு கேட்பாரே, அந்தச் சாதாரணக் குரலில் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டார்.

"ஏம்பா, மணி என்ன?"

அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "எட்டரை ஆகுது சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பாத்தியா!" செக்கர் துள்ளி எழுந்தார். "பாத்தியாம்மா! யாருக்கு மூளை கலங்கியிருக்கு? மணி பாத்தான், உன் கண்ணு முன்னாலயே பாத்தான்! கழட்டுடா கண்ணாடியை!"

உத்தியோகத்தில் ஒருநாளும் செய்யாத காரியத்தை அப்போது செய்தார். குனிந்து, ஒருவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

கண்ணாடிக் காம்பில் பச்சை ஒயர் டேப் சுற்றியிருந்தது.

மகளும் பார்த்துவிட்டாள். "அம்மா கண்ணாடி" என்றாள் மெதுவாக.

"வீட்டுக்குள்ள புகுந்திருக்கான்!" செக்கர் கத்தினார். "அவ அலமாரியைத் தொறந்திருக்கான். என் பொண்டாட்டி சாமானைத் திருடி என் எதிர்லயே போட்டுட்டு உக்காந்திருக்கான்! போலீஸுக்கு ஃபோன் பண்ணும்மா!"

மகள் ஃபோனை எடுத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிய அந்த ஆள், நல்ல தெளிவான இரண்டு கண்ணாலும் மருந்துக்கடை வாசலைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா, இந்த டேப்பைப் பிரிச்சுடலாம்னு. நீங்கதான், அவர் காலைத் தவிர எதையும் பாக்க மாட்டார்னு சொன்னீங்க."

மருந்துக்கடைக்காரம்மா ஓடிவந்து மகளின் கையிலிருந்த ஃபோனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, பாவம், அவர் திருடல" என்றாள். "சாகறதுக்கு முன்னால அக்காதான் ஆஸ்பத்திரி வாசல்ல பிச்சை எடுத்திட்டிருந்த இவரைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் குடுத்து, போக வேண்டிய இடமெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு, என்கிட்ட சொன்னாங்க: ‘எங்க வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேண்டாம், சந்தேகப்பட ஒரு ஆள் இருந்தாப் போதும், எழுந்து நடமாடிடுவார்.’"